காய்ச்சலை விட்டுவிட்டுச் சொன்ன கதை

“அக்கா, அவன் கெட்டவன்னு நீ சொல்லவே இல்லையே. அப்புறம் எப்படி எல்லாருக்கும் தெரிஞ்சுது?”

ஒருநாள் வாலு என்னிடம் இப்படிக் கேட்டாள். சித்தியின் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி விட்டதும் நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்து, மடிக்காத துண்டுகளின் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இறங்கு என்று யாராவது அதட்டினால் இறங்கி, அடுத்த குவியலில் ஏறுவாள். வாலு என்ற பெயர் சும்மா வரவில்லை.

அன்று என் கதையில் ஒரு வைத்தியர் வந்திருந்தார். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு. ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தார், அந்த வீட்டுப் பெண் கொடுத்த தண்ணீரைத் தலை நிமிராமல் வாங்கிக் குடித்தார், நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தார். அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

“இவன் சரியில்ல” என்றாள் சித்தி.

“திருட்டுப்பய” என்றார் ரோலர் மாமா.

புதுசு அக்கா உச்சுக்கொட்டினாள்.

வாலுவுக்கு ஒரே குழப்பம். அவளுக்கு வைத்தியரைப் பிடித்திருந்தது. “எப்படித் தெரியும், எப்படித் தெரியும்” என்று ஒவ்வொருவரையும் துளைத்தெடுத்தாள்.

“படுத்திருக்கிறவரைப் பாக்கறதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்திப் பாத்தான் பாரு” என்றாள் சித்தி.

“வேலை தெரிஞ்சவன் வேலை நேரத்துல இவ்வளவு சிரிக்க மாட்டான்” என்றார் மாமா.

“தண்ணி கொடுத்த பொண்ணை அவன் நிமிர்ந்துகூடப் பாக்கல” என்றாள் புதுசு அக்கா, தனக்கே வலித்ததுபோல.

“உனக்கு எப்ப தெரியும்?” என்று நான் வாலுவைக் கேட்டேன்.

“யாராவது அழுதா தெரியும்” என்றாள்.

எங்கள் சலவைக்கூடம் ஒரு பெரிய விடுதியின் நிலவறையில் இருக்கிறது. மேலே எத்தனை மாடி இருந்தாலும் அத்தனை அழுக்கும் ஒரு தகரக் குழாய் வழியாக எங்கள் தலைமேல்தான் வந்து விழும். சித்தி அதைப் பிரித்து மூட்டை கட்டுவாள். புதுசு அக்கா மெஷினில் போடுவாள். ரோலர் மாமா விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுச் சுருக்கம் எடுப்பார். மறுபக்கம் வெளிவருவதை மடிப்பது என் வேலை. விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் வந்து என் எதிரே நிற்பார்.

புதுசு அக்கா வேலைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அவளுக்குப் பிறகு நானே வந்துவிட்டேன். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. “பல்லு விழுந்து கிழவி ஆனாலும் நான் புதுசுதான்” என்பாள்.

கதை சொல்லும் பழக்கம் விரிப்பால்தான் வந்தது. பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நிற்கவைத்தார்கள், வெளியே அனுப்பினார்கள், கடைசியில் நானே போவதை நிறுத்திவிட்டேன். இங்கே அப்படி இல்லை. மடிக்கத் தொடங்கும்போது விரிப்பை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்போம். அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் என்னை யாரும் பார்க்க முடியாது. அங்கிருந்து பேச்சு வந்தது. எங்கோ படித்த கதை என்று சொல்லிக்கொள்வேன். பரணில் ஒளித்துவைத்த நோட்டுகளில் நான் எழுதுபவை அவை என்று தெரிந்தால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

முகம் தெரியாவிட்டால் என்ன, கை தெரியும். எதிரில் இருப்பவர் இரண்டு முனைகளைப் பிடித்திருப்பார், நான் இரண்டு. உதறி இழுப்போம், பிறகு நடந்து வந்து முனைகளை ஒப்படைக்க வேண்டும். கதையில் நியாயமாக ஏதாவது நடந்தால் துணி இலேசாக வரும். அநியாயம் நடந்தால் எதிர்முனை விறைத்துக்கொள்ளும். சித்தி இழுத்துப் பிடித்தபடி அங்கேயே நிற்பாள். “அவனை என்ன செஞ்சாங்கன்னு சொல்லு, அப்பதான் வருவேன்” என்பாள். புதுசு அக்காவின் துணி நடுங்கும். மாமா எப்போதாவது பிடிக்க வந்தால், அநியாயக்காரனைத் திட்டுகிற வேகத்தில் முனை கையிலிருந்து நழுவிவிடும். தரையில் பட்ட விரிப்பைத் திரும்பத் துவைக்க வேண்டும். அதனால் மாமாவை நாங்கள் கூப்பிடுவதில்லை.

நான் கூட்டிப் பார்த்த கணக்கு இதுதான்: கதையில் வரும் நல்லது கெட்டதில் இவர்கள் யாரும் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

அறை விரிப்புகளின் மூட்டையை வெள்ளைத் துணிப்பட்டையால் கட்ட வேண்டும், சாப்பாட்டுக்கூடத்துத் துணிகளைச் சிவப்புப் பட்டையால். சிவப்பு சாயம் போகும். அது எந்தக் காரணத்துக்காகவும் மெஷினுக்குள் போகக் கூடாது. அதற்காக எங்களிடம் ஒரு சட்டம் உண்டு: மெஷினில் போடுகிறவரே கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்து, பட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும்.

அன்று வெள்ளைப் பட்டைகள் தீர்ந்துவிட்டன. சித்தி கடைசி மூட்டையைச் சிவப்பால் கட்டி மெஷின் பக்கத்தில் வைத்தாள். புதுசு அக்கா மற்ற மூட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேல்மாடியில் துண்டு கேட்டு அழைத்தார்கள். அவள் பாதியில் விட்டுப் போனாள். அப்போது சித்திக்கு வாலுவின் பள்ளியிலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, உடனே வாருங்கள். சித்தி மேலங்கியைக் கழற்றிக்கொண்டே ஓடினாள். ஓடுகிறவள் திரும்பி வந்து, பாதி வேலை கிடக்கிறதே என்று அந்தக் கடைசி மூட்டையைக் கட்டோடு தூக்கி மெஷினுக்குள் போட்டு, கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கிவிட்டுப் போனாள்.

நான் அடுக்குத் தட்டுகளுக்குப் பின்னால் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பட்டை எனக்குத் தெரிந்தது. அது சிவப்பு என்று மனதில் பதிவதற்குள் மெஷின் சுற்றத் தொடங்கியிருந்தது. கத்தியிருக்கலாம். தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒரு மாடி முழுவதற்குமான விரிப்புகள் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன.

“இனிமே இதெல்லாம் பொறந்த குழந்தைங்களுக்குத்தான்” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் மறுநாள் இறங்கி வந்து விசாரித்தார். சித்தி பொய் சொல்லவில்லை, பொய்க்கு அருகில் இருக்கும் ஒன்றைச் சொன்னாள். “மெஷின் அவ பொறுப்பு சார். நான் பட்டன் மட்டும்தான் அமுக்கினேன்.”

மேனேஜர் புதுசு அக்காவைப் பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்தாள். “நான்தான் பாக்காம விட்டிருப்பேன் சார்” என்றாள். எத்தனை மூட்டை போட்டோம் என்பது அவளுக்கே நினைவில்லை. இல்லாத ஒரு சிவப்புப் பட்டையைத் தன் கையால் போட்டதாக அவள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

“சனிக்கிழமை காலைல வந்து முடிவு சொல்றேன்” என்றார் மேனேஜர். “அதுவரைக்கும் நீங்க மெஷின் பக்கம் போக வேணாம்.” அவர் போன பிறகு மாமா மெதுவாகச் சொன்னார், இங்கே இப்படிச் சொன்னால் சனிக்கிழமையோடு சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம்.

புதுசு அக்கா வாளி தேய்க்கப் போய்விட்டாள்.

சித்திதான் என்னை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறாள். இந்த வேலையும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். மேனேஜர் முன்னால் நின்று அவளுக்கு எதிராகப் பேசுவது என்னால் நினைத்துப்பார்க்கக்கூட முடியாத காரியம். ஆனால் எனக்குக் கதை வரும். கதையில் இவர்கள் தவறியதே இல்லை. அப்படியென்றால் கதையே சொல்லட்டும், சித்தி தானாகப் புரிந்துகொண்டு தானாகப் போய்ச் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். எப்படியும் சனிக்கிழமைக்குள் நடந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை வாலுவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பள்ளிக்கு அனுப்பாமல் சித்தி தன்னோடு அழைத்து வந்து துண்டுக் குவியலில் உட்காரவைத்தாள். எதிரே முனை பிடிக்க வந்தவளும் சித்திதான். நான் விரிப்பைத் தூக்கிப் பிடித்துத் தொடங்கினேன்.

ஓர் ஆற்றங்கரை. அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு ஒன்று. அதற்கு ஒரு படகுக்காரன், அவனுக்கு ஓர் உதவியாள். பொழுது சாய்ந்ததும் படகை இரண்டு கயிற்றால் கட்ட வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒருநாள் உதவியாள் முன்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள், போனான். பின்கயிறு படகுக்காரன் பங்கு. அவன் அதைத் தூணில் சுற்றினான், முடிச்சுப் போடாமல் போய்விட்டான். இரவு வெள்ளம் வந்தது, காலையில் படகு இல்லை.

துணி விறைத்தது.

“ஊர் கூடி விசாரிச்சாங்க. படகுக்காரன் சொன்னான், ‘கயிறு அவன் பொறுப்பு. நான் ஒரு சுத்து மட்டும்தான் சுத்தினேன்.’”

இந்த இடத்துக்காகத்தான் நான் முந்தின நாள் முழுவதும் காத்திருந்தேன். சித்தியின் முனை நடுங்கும், தளரும், நழுவும் என்று எதிர்பார்த்தேன். என்னைக் குப்புற இழுத்துவிடுவதுபோல் அது முன்னைவிட விறைத்தது.

“படுபாவி!” என்றாள் சித்தி. “அப்பாவிப் பய தலைல கட்டிட்டான் பாரு! இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் அச்சு அசல் இப்படித்தான். பாகப்பிரிவினை அன்னிக்கு எப்படிப் பேசினாருங்கறே? எல்லாம் தம்பி பொறுப்பாம், இவரு சும்மா கூட நின்னாராம்!”

“என் பழைய முதலாளியும் அதே ஜாதி” என்றார் மாமா. “செய்யறது அவரு, திட்டு வாங்கறது நாங்க.”

“அவன் உருப்படுவானா? சொல்லு. அவனுக்கு என்ன ஆச்சு? சொன்னாதான் முனையை விடுவேன்.”

வாளியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த புதுசு அக்கா சொன்னாள்: “போறதுக்கு முன்னாடி அந்தப் பையனும் ஒரு தடவை பின்னால பாத்திருக்கலாம்ல?”

“நீ ஒருத்தி! சும்மா இரு” என்று சித்தி அவளை அடக்கினாள். உதவியாளுக்கு ஆதரவாக அத்தனை கோபத்தோடு அடக்கினாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று நிறுத்திவிட்டேன். சித்தி என்னைக் கிண்டல் செய்தாள், “முக்கியமான எடத்துல நிறுத்தறதுல மகராசி பெரிய ஆளு.” அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். ஒரு அநியாயக்காரனைத் திட்டித் தீர்த்தவர்களுக்கு வரும் நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வாலு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். சித்தி பேசிக்கொண்டே புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் கை அங்கேயே போனது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் செய்த பிழை எனக்கு உறைத்தது. என் படகுக்காரனுக்கு நான் காய்ச்சலைக் கொடுக்கவில்லை.

சித்தியிடம் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டால் என்ன சொல்வாள்? குழந்தைக்கு உடம்பு கொதித்தது, பறந்தடித்துக்கொண்டு ஓடினேன் என்பாள். அவள் மனதில் அது ஒரு காய்ச்சல் கதை. சிவப்புப் பட்டை அதன் ஓரத்தில்கூட இல்லை. நானோ காய்ச்சலை உருவி எறிந்துவிட்டு, வெறும் கயிற்றையும் ஒரு பொய்யையும் கொடுத்து, இது நீ என்று கண்ணாடி காட்டியிருக்கிறேன். தன்னைத் தவிர எல்லாரையும் அவள் அதில் பார்த்ததில் என்ன ஆச்சரியம்? வைத்தியருக்கும் அதுவேதான். வீட்டைச் சுற்றிப் பார்த்ததற்கு அவரிடமும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. அதனால் எல்லாருக்கும் சுலபமாகத் தெரிந்தது. தங்கள் வாழ்க்கையில் யாரும் காய்ச்சலை விட்டுவிட்டுக் கதை சொல்வதில்லை.

வாலுவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நாளை வெள்ளி, அடுத்த நாள் சனி.

வெள்ளிக்கிழமையும் சித்தியை எதிரே நிறுத்தினேன். “நேத்து ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன்” என்று தொடங்கினேன். “படகுக்காரனுக்கு ஒரே ஒரு பொண்ணு. அன்னிக்கு அவன் கயித்தைச் சுத்திட்டு இருந்தப்போ வீட்டுல இருந்து ஆள் வந்துச்சு. பொண்ணுக்கு உடம்பு கொதிக்குது, உடனே வான்னு. அதான் முடிச்சுப் போடாம ஓடினான்.”

துணி விறைக்கவில்லை. மெல்லத் தொய்ந்தது. நடுவில் தொய்ந்து, இன்னும் தொய்ந்து, சூடான வெள்ளை விரிப்பு தரையைத் தொட்டது. சித்தி அதைக் கவனிக்கவில்லை.

“ஐயையோ, கீழ, கீழ!” என்றார் மாமா. பிறகு தலையைச் சொறிந்தார். “அப்ப அவன் மேல எப்படிக் கோவப்படறது? பாவம்ல அவனும்?”

“பாவந்தான்” என்றேன். “பொண்ணுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வச்சான். அதுவரைக்கும் அவன் மேல தப்பு இல்ல. காலைல ஊர் கூடிக் கேட்டப்போ பொண்ணுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. அப்பவும் அவன் அந்தப் பையன் பேரைத்தான் சொன்னான்.”

சித்தி தன் முனைகளை விட்டுவிட்டாள்.

“கதை போதும். வேலையைப் பாருங்க” என்றாள் சித்தி.

குவியலின் மேலிருந்து வாலு கேட்டாள், “ஏன் அக்கா, கரைல யாருமே இல்லையா?”

“என்ன?”

“அவரு முடிச்சுப் போடாம ஓடினாருல்ல. அதை யாருமே பாக்கலையா?”

நான் நினைத்தே பார்க்காத கேள்வி. கதை முழுவதையும் நான் செய்தேன், ஆற்றை, வெள்ளத்தை, தூணை. கரையில் ஓர் ஆளைக்கூட நிறுத்தவில்லை. திரைக்குப் பின்னால் நின்று கதை சொல்லிப் பழகியவளுக்கு, பார்த்துக்கொண்டு நின்றவளைக் கதைக்குள் கொண்டுவரத் தோன்றவில்லை.

“இருந்தா” என்றேன். “ஒரு பொண்ணு நின்னுட்டிருந்தா. அவ பாத்தா.”

“அப்ப ஊர்க்காரங்க கேட்டப்போ அவ ஏன் சொல்லல?”

“அவளுக்குப் பேச வராது.”

“ஊமையா?”

“இல்ல. பயம்.”

“அப்ப அந்தப் பையன் அழுதிருப்பான்ல?”

“ம்.”

“அப்ப அவளும் கெட்டவதான்” என்றாள் வாலு. தீர்ப்பு முடிந்தது என்பதுபோல் ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.

என் கைகளில் இருந்த முனைகள் விறைத்திருந்தன. எதிரே யாரும் இழுக்கவில்லை.

அன்று மாலை சித்தி வீட்டுக்குப் போகும் சந்தில் வாலுவை முன்னால் ஓடவிட்டு என்னிடம் கேட்டாள், “இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இல்ல?”

நான் தலையாட்டினேன்.

“பாத்தியா நீ? தட்டுக்குப் பின்னாடி நின்னியா?”

“ம்.”

“அன்னிக்கு எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கட்டு இருந்ததே அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. வந்தப்போ அந்தாளு எதிர்ல நிக்கறாரு. என்ன பண்ணச் சொல்றே?” குரல் உடைந்தது, பிறகு கெட்டியானது. “அவ சின்னவ. எங்கயாவது வேலை கிடைக்கும். எனக்குக் கிடைக்குமா? எனக்குப் போச்சுன்னா இவளுக்கு யாரு? உனக்கு யாரு?”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

“நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம். வாலுவுக்கு லீவு, அவளைப் பாத்துக்கிட்டு வீட்ல இரு” என்றாள்.

சனிக்கிழமை காலை சித்தி கிளம்பியதும் வாலுவுக்குத் தலை சீவினேன். சட்டை மாட்டினேன். “எங்க போறோம்?” என்றாள். “வேலைக்கு” என்றேன். “அம்மா வேணாம்னாங்களே?” “ஆமா. வா.” தனியாகப் பேருந்து ஏறி எனக்குப் பழக்கமில்லை. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்பாரே என்று நடந்தே போனோம். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். கதை சொல்லப் பழகிய நாக்கு அதைப் பின்னிப் பின்னி நீட்டியது, நான் வெட்டி வெட்டிச் சிறிதாக்கினேன். மனிதர்களின் முன் நிற்கும்போது என்னால் சிறிய வாக்கியம் ஒன்றைத்தான் தூக்க முடியும்.

நிலவறைப் படி இறங்கியபோது சித்தியும் புதுசு அக்காவும் எதிரெதிரே நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. என்னைக் கண்டதும் சித்தியின் துணி விறைத்தது. நான் வாலுவைக் குவியலில் ஏற்றிவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு, புதுசு அக்காவின் கையிலிருந்து இரண்டு முனைகளையும் வாங்கிக்கொண்டேன்.

“நீ உக்காருக்கா.”

“உன்னை வீட்ல இருக்கச் சொன்னேன்” என்றாள் சித்தி, பல்லைக் கடித்தபடி.

மேனேஜர் வந்தார். வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். “அப்ப அந்த மெஷின் விஷயம். மேல சொல்லிட்டாங்க. ஒருத்தரை அனுப்பிட்டு…”

“சார்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. விரிப்பு என் முகத்துக்கு நேரே உயர்ந்திருந்தது. அதன் பின்னாலிருந்து சொன்னால் சுலபமாக வரும் என்று தெரியும். “ஒரு ஊர்ல” என்று தொடங்கினால் தடையில்லாமல் வரும். நான் விரிப்பைக் கழுத்துக்குக் கீழே இறக்கினேன். மேனேஜருக்கு மூக்குக்கண்ணாடி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

“சார். இது கதை இல்ல. கடைசி மூட்டையை அக்கா போடல. சித்தி போட்டாங்க, கட்டோட. நான் பாத்தேன்.”

“இந்தப் பொண்ணு பேசுமா?” என்றார் மேனேஜர் மாமாவைப் பார்த்து. மாமா உருளையை நிறுத்திவிட்டார்.

என்னிடம் இன்னொரு வாக்கியம் மீதி இருந்தது. அதை விட்டுவிட்டால் முதலில் சொன்னது பாதிதான். “வாலுக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு. அந்த அவசரத்துல நடந்தது. அதையும் சேத்துத்தான் சார் சொல்றேன்.”

மேனேஜர் சித்தியின் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். சித்தி மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. துண்டுக் குவியலின் மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

“ஆமா சார்” என்றாள். “நான்தான் போட்டேன்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். புதுசு அக்கா இன்றே மெஷினுக்குத் திரும்பலாம் என்றார். சித்தியின் விஷயத்தை மேலே பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் படியேறினார்.

புதுசு அக்கா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். “அப்ப…” என்றாள். “அப்ப நான் பாக்காம விடலையா?”

“இல்லக்கா.”

“நான் போட்டதெல்லாம் வெள்ளைக் கட்டுதானா?”

“எல்லாம் வெள்ளைதான். நீ அவிழ்த்துத்தான் போட்டே.”

அவள் தன் கைகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மாமா எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

விரிப்பு இன்னும் என் கையிலும் சித்தி கையிலும் இருந்தது. பாதி மடித்ததைக் கீழே போட முடியாது. உதறினோம். இழுத்தோம். அவள் இழுப்பில் நான் தேடிப்பார்த்தேன். விறைப்பும் இல்லை, தொய்வும் இல்லை. இத்தனை நாளில் அந்தக் கைகள் என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாமல் போனது அந்த ஒருமுறைதான்.

அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள். தன் முனைகள் இரண்டையும் என் முனைகளோடு சரியாகச் சேர்த்து, என் விரல்கள் இறுகப் பிடித்துக்கொண்டனவா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குவியலருகே போய்ப் புறங்கையை வாலுவின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அவளை இறக்கவில்லை, அழைக்கவில்லை. அங்கேயே, என்னிடமே விட்டுவிட்டு, மேனேஜர் போன வழியே படியேறிப் போனாள்.